மாமனாரின் எதிரி என் ஜாடியில்

சேலம் டவுனில் வளர்ந்தவள் நான். எருமப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணையத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன புதிதில் எனக்கு இருந்த ஒரே ஆசை, ஆசாரத்து ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி. வருகிறவர்கள் வந்து உட்காருகிற அந்தக் கூடத்தில் சோளமும் கடலைக்காயும் மூட்டை மூட்டையாகக் கிடந்தனவே தவிர, கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவே யோசிக்க வேண்டும். மாடு கட்டி இறைக்கிற தண்ணீர் முதலில் பயிருக்கு, பிறகு மாட்டுக்கு, அதற்கும் பிறகுதான் மனுஷருக்கு.

என் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு ரோஜாப் பதியன் வாங்கி வந்தார். சித்திரை வெயில் அதைத் தின்றது. அடுத்து வந்த குரோட்டன்ஸ் என்னைப் பார்த்தாலே தலையைத் தொங்கப் போட்டது. "இன்னொருக்காச் செடின்னு கேட்டீன்னா, நானே போயித் தொட்டியில உக்காந்துக்கறேன்" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அந்த வைகாசியில், காடெல்லாம் கருகிக் கிடந்தபோது, வரப்பில் சப்பாத்திக்கள்ளி மஞ்சளாகப் பூத்து நின்றது. யாரிடமும் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் என்ன மினுமினுப்பு! இதை விட்டுவிட்டு ரோஜாவுக்கு அலைந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். குண்டாக, வடிவாக இருந்த ஒரு மடலை அரிவாளால் அறுத்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு வைத்தேன். விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடியில் மணலும் இடிந்த சுவர்க் காரையும் கலந்து நட்டேன். பிடித்துக்கொண்டது. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் மாமனார் காட்டிலிருந்து வந்தார். கள்ளி என்றால் அவருக்கு ஜன்மப் பகை. அவருடைய அப்பா காலத்து நிலத்தில் பாதியை அதுதான் விழுங்கியிருந்தது. வெட்டினால் விழுந்த துண்டெல்லாம் முளைக்கும், எரித்தால் அடுத்த மழைக்குத் தழைக்கும். ஜாடியைப் பார்த்தவர் தோளில் இருந்த கோடாலியை இறக்கக்கூட மறந்து நின்றார்.

"ஏனம்மிணி, காட்டுல இவங்கூட மல்லுக்கட்டி என்ற இடுப்பு முறிஞ்சு போச்சு. நீ இவனுக்கு ஊட்டுக்குள்ள தொட்டில் கட்டிப் போட்டிருக்கறயா?"

மாமனாருக்கு நேருக்கு நேர் பதில் சொல்வது மருமகளுக்கு அழகில்லைதான். எனக்கு அந்த அழகெல்லாம் கிடையாது.

"மாமா, எங்கையில சாகாம நிக்கறது இது ஒண்ணுதானுங்க. வெச்சுக்கறேனுங்க" என்றேன்.

அவர் என்னையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜாடிய உட்டு இவன் ஒரு மடல் எறங்கட்டும், அன்னைக்கே அடுப்புல வெச்சுப் போடுவேன்" என்று உறுமிவிட்டுக் கை கழுவப் போனார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பணிவிடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மண் பொடியாகக் காய்ந்த பிறகு ஒரு கை தண்ணீர். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். துணியால் துடைத்தால் முள் துணியோடு வரும் என்பதால், கோழி இறகால் தூசு தட்டுவேன். ஒரு பக்கமே சாயாமல் இருக்க அவ்வப்போது ஜாடியைத் திருப்பி வைப்பேன். பூத்தபோது ராசிபுரத்துச் சொந்தக்காரர்கள்கூட இது எந்த ஊர்ச் செடி என்று கேட்டார்கள். மாமனார் மட்டும் தினமும் அதை முறைத்துவிட்டுத்தான் காட்டுக்குக் கிளம்புவார்.

பிறகு அந்தப் பூச்சி வந்தது. கள்ளியை ஒழிக்கவென்றே சர்க்கார் ஆட்கள் கொண்டு வந்து விட்ட பூச்சி. பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக மடலில் அப்பிக்கொள்ளும், நசுக்கினால் ரத்தச் சிவப்பு. அவருடைய கோடாலியால் ஆகாததை அது சத்தமில்லாமல் செய்தது. வேலி வேலியாகக் கள்ளி அழுகிச் சாய்ந்தது. மாமனாருக்குத் தீபாவளிதான். ஊரில் எவருடைய கள்ளி விழுந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கூட ஒரு உருண்டை களி சாப்பிட்டார்.

ஒரு நாள் என் ஜாடியிலும் வெள்ளை தெரிந்தது. ஊரில் உள்ள கள்ளியெல்லாம் போகட்டும், இது என் கள்ளி அல்லவா? புகையிலையை ஊற வைத்த தண்ணீரில் துணியை நனைத்து, முள்ளையும் பாராமல் துடைத்தேன். உள்ளங்கையெல்லாம் சிவந்ததுதான் மிச்சம், விடிந்தால் மறுபடி வெள்ளை. மடல்கள் ஒவ்வொன்றாகத் துவண்டு விழுந்தன. மாமனார் எட்டிப் பார்த்து, "போகுதா?" என்று மட்டும் கேட்டார். ஆளுக்கு உள்ளூரக் கொண்டாட்டம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இரண்டொரு நாள் கழித்து மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு வருகிறேன், அவர் ஜாடியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் முள் எடுக்கிற இடுக்கி. பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நசுக்கிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் சிவப்பு.

"என்னங்க மாமா பண்றீங்க?"

அவர் நிமிரவில்லை. "காடு பூராச் சுத்திட்டு வந்தேன் அம்மிணி. ஒருத்தனும் இல்ல. கோடாலியோட தனியா நிக்கறதுக்கு எனக்கே ஒரு மாதிரி ஆயிப் போச்சு. இவனையும் உட்டுட்டா, நான் ஆரோட மல்லுக்கட்டறது? அந்தப் பொகையலத் தண்ணிய இங்க கொண்டா."

கொண்டு போனேன். எல்லாம் போக ஒரே ஒரு மடல்தான் தேறியது. அந்த ஒன்றுக்காக அன்று முழுக்க, அவர் பூச்சி எடுக்க எடுக்க, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் முன்னால் மருமகள் உட்காருவது அந்த வீட்டில் வழக்கமே இல்லை. அது அன்று எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.