அறுப்பின் பண்டிகையில் எங்கள் கோஸ்

கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபையில், எழுபதுகளின் கடைசியில், அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம்தான். முதல் விளைச்சலைக் காணிக்கையாக வைப்பார்கள். சபையார் போட்டி போட்டு விலை ஏற்றி வாங்குவார்கள். பணம் ஊழியத்துக்கு. யாருடைய காய் அதிகத்துக்குப் போனதோ, அந்த வீட்டுப் பெண்களுக்கு அப்புறம் கால் தரையில் பாவாது.

அம்மா கொழுந்து பறித்தார். அப்பா நாங்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே சரிவு நிலத்தில் முட்டைக்கோஸ் போட்டார். சனிக்கிழமைகளில் சபை ஆண்களோடு ஓடையைச் சுத்தம் செய்யப் போவார். லயமே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. தண்ணீரைக் காப்பதும் ஊழியம்தான் என்று போதகர் பிரசங்கித்திருந்தார். நல்ல பிரசங்கம்தான். போதகர் ஓடையில் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன. முந்தின நாள்தான் அப்பா கோஸுக்கு மருந்து அடித்திருந்தார். மேலே எல்லோரும் அடிக்கிற மருந்துதான், யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே மறுநாள் சபையில் எழுந்து, இனி மருந்தைத் தொடமாட்டேன் என்று சாட்சி சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். ஆமென் சொல்ல என்ன செலவு?

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "ஒங்க சாட்சிய புழு கேக்குமா லா?"

புழு கேட்கவில்லை. பள்ளி விட்டு வந்து நானும் பால் டின்னில் புழு பொறுக்கினேன். இலையெல்லாம் சல்லடை. திரிங்காப் டவுனிலிருந்து கோஸ் வாங்க வந்த லோரிக்காரர் இரண்டு கோஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெறும் வண்டியோடு போய்விட்டார். அந்த வருஷம் அம்மாவின் சம்பளத்தில்தான் கஞ்சி.

இருந்ததில் நல்லதாக ஒன்றை அப்பா பண்டிகைக்குக் கொண்டுபோனார். ஏலம் விட்ட தோட்டத்து ஆபீஸ் கிராணி அதைத் தூக்கிக் காட்டினார். ஒருவரும் விலை கேட்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். போதகர் வேதப்புத்தகத்தைப் புரட்டினார். கிராணி கோஸை மேசைக்கடியில் வைத்துவிட்டுப் பூசணிக்காயை எடுத்தார். எனக்கு மானம் போயிற்று. அப்பாமேல் வெறுப்பாக வந்தது.

அடுத்த பருவத்தில் அப்பா மருந்து டாங்கியை மறுபடி முதுகில் மாட்டினார். ஒரு ஓட்டைகூட விழக்கூடாதென்று, பறிப்பதற்கு முந்தின நாள்வரை அடித்தார். ஓடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஏன் வரவில்லை என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பண்டிகையில் எங்கள் கோஸ்கள் பளபளவென்று இருந்தன. இரண்டு பேர் முட்டிக்கொண்டு விலை ஏற்றினார்கள். ஜெயித்தவர் அத்தனையையும் சபை விருந்துக்கே கொடுத்தார். கர்த்தர் இந்தக் குடும்பத்தை ஆசீர்வதித்தார் என்றார் போதகர். அம்மா தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பாதான் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு அது பணிவாகத் தெரிந்தது.

விருந்தில் எல்லோர் தட்டிலும் எங்கள் கோஸ் பிரட்டல். நான் வாயில் வைக்கப் போனேன். அப்பா எங்கிருந்தோ வந்து, என் தட்டிலிருந்ததைச் சோற்றோடு வழித்தெடுத்து, வெளியே சாக்கடைக் காணில் கொட்டினார்.

"ஒனக்கு வேணாம் பாப்பா."

நான் ஓவென்று அழுதேன். மற்ற பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் பெற்ற பிள்ளைக்கு இல்லை என்கிறாரே, இவருக்கு என்மேல் பாசமே கிடையாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.