ஒரு தபால் கார்டும் ஒரு சீசன் குளியலும்

எண்பதுகளின் தொடக்கத்தில், தென்காசியில் சாரல் விழ ஆரம்பித்திருந்த ஒரு ஜூன் மாதத்தில் இது நடந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. டாக்டருக்குப் படித்துவிட்டு, கிளினிக் வைத்துப் பிழைக்கத் தெரியாமல் ஆராய்ச்சிக்குப் போனதற்காக வீட்டில் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். காசநோய்க்கு ஒரு வருஷத்துக்கும் மேலாக மருந்து சாப்பிட வேண்டியிருந்த காலம் அது. அதை ஆறே மாதத்தில் முடிக்க முடியுமா என்று தென்காசி ஆஸ்பத்திரியில் நடந்த ஆய்வில் எனக்கு வேலை. நோயாளிகள் வாரத்தில் இரண்டு நாள் வந்து, எங்கள் கண்முன்னே மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் போக வேண்டும்.

ஒரு நோயாளியைக் குணப்படுத்த எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதும் என் பொறுப்பு. உண்மையைச் சொன்னால், மருந்தைவிட அந்தக் கணக்கின் மேல்தான் எனக்குப் பித்து. எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அப்படி நான் கண்டுபிடித்ததுதான் தபால் கார்டு. மாத்திரைக்கு வராதவர்களுக்கு அதுவரை ஒட்டிய கவரில் கடிதம் போட்டுக்கொண்டிருந்தோம். கார்டு போதுமே, காசு மிச்சமாகுமே என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஆய்வுக்குத் தலைவரான பெரிய டாக்டர் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குற்றாலம் போகிற வழியில் ஒரு ஊரிலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். இரண்டு மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தாள். இருமல் நின்று, முகத்தில் கொஞ்சம் சதையும் பிடித்திருந்தது. திடீரென்று வருவது நின்றது. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும், அப்போது இதே மருந்து கேட்காமலும் போகலாம். உடனே கார்டு எடுத்து, ‘காசநோய் சிகிச்சைக்கு நீங்கள் வரவில்லை, உடனே வரவும்’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிப் போட்டேன். வரவில்லை. இன்னொரு கார்டு போட்டேன். அதற்கும் வரவில்லை.

சரி, நேரிலேயே போய்விடுவோம் என்று ஆபீஸ் ஜீப்பில் கிளம்பினேன். அவள் வீட்டு வாசலில் ஜீப் நின்றதும் அவள் அம்மா, "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல, போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். பக்கத்து வீட்டில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு அக்காதான், என் முகத்தைப் பார்க்காமலே விஷயத்தைச் சொன்னார்.

ஊர்ப் பெண்கள் எல்லோரும் காலையில் பீடிக் கடைக்குப் போவார்கள். முந்தின நாள் சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு வேண்டிய இலையும் தூளும் வாங்கி வருவார்கள். எங்கள் மாத்திரை நேரமும் அதுதான். முன்பு இவள் பீடியையும் சேர்த்து இவள் கூடப் பிறந்த அக்கா கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அக்கா கல்யாணமாகிப் போனதும் கடையா மாத்திரையா என்றாகிவிட்டது. பெண்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதால் தபால்காரரும் கடிதங்களை அந்தக் கடையிலேயே கொடுத்துவிடுவார். என் கார்டு அவள் கைக்குப் போவதற்குள் ஊரே படித்துவிட்டது. கடைக்காரர் அவளுக்கு இலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். புளியங்குடியிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தவர்களும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"இப்ப அந்தப் புள்ள குத்தாலத்துல அவ சித்தி கடையில நிக்குது. அங்கனயும் ஜீப்புல போயி இறங்கிராதீய, டாக்டரம்மா" என்றார் அந்த அக்கா.

திரும்பி வரும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மேஜையில் மிச்சமிருந்த கார்டுகளை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். ஆனாலும், "வர மாட்டேங்கிறவளை என்ன செய்யறது? பாதியில நின்னவ, டிஃபால்டர்னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டு அடுத்த கேஸைப் பாரும்மா" என்றார். அவளாக நிற்கவில்லை, நாம்தான் விரட்டினோம், திரும்பக் கொண்டுவருகிற வரை ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே எதுவும் எழுத மாட்டேன் என்று நின்ற இடத்தைவிட்டு நகராமல் சொன்னேன். கடைசியில், "எப்படியோ போ, ஆனா மாத்திரை உன் கண்ணு முன்னாடிதான் உள்ள போகணும்" என்று அவர் இறங்கி வந்தார்.

மறுநாள் பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். சித்தியின் பழக்கடையில் அவள் மட்டும்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. "ஒரு கார்டுல என் பொழப்ப முடிச்சிட்டீய. இப்ப ஆளு இருக்காளா செத்தாளான்னு பாக்க வந்தீயளாக்கும்?" என்று சத்தமில்லாமல் கேட்டாள். செய்தது என் தப்பு, அதற்காக உன் உயிரை விட்டுவிடாதே என்று மட்டும் சொன்னேன். திரும்பிக்கொண்டாள். அந்த வாரம் மூன்று முறை போனேன். மூன்றாவது முறை, பழத்தை அடுக்கிக்கொண்டே தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"மாத்திரைய நான் திங்கேன். சித்திக்குக்கூடத் தெரியக் கூடாது. நீங்க டாக்டரா வராதீய, குளிக்க வாங்க. பொம்பளையாளு குளிக்கிற பக்கம் யாரு எவருன்னு எவளும் பாக்க மாட்டா."

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் விடிகாலை பஸ்ஸில் துண்டு, மாற்றுச் சேலை, மாத்திரைப் பொட்டலம் சகிதம் பெரிய அருவிக்குப் போனேன். கடை திறப்பதற்கு முன் அவள் வந்துவிடுவாள். அவளிடம் நனையக் கூடாது என்று சொல்லியிருந்தேன். குளிப்பவர்களின் துணிமணிக்குக் காவலாகக் கரையில் எப்போதும் நாலு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களோடு அவளும் உட்கார்ந்துகொள்வாள். என் துணிப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு அருவிக்குள் போவேன். பைக்குள் பொட்டலமும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கும். தலையில் தண்ணீர் சம்மட்டியாக விழ, வழிகிற முடியை ஒதுக்கி, அவள் விழுங்குகிறாளா என்று பார்ப்பேன். அவள் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். அவளுக்கு இருமல் போய் எனக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என் ஈரத்தலையைப் பார்த்து, டாக்டரம்மாவுக்குச் சீசன் தலைக்கேறிவிட்டது என்று கிண்டலடித்தார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

அவள் மாத்திரை தின்றாளே தவிர என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள், பொட்டலத்தை அவள் கையில் எடுத்த நிமிஷம் ஒரு குரங்கு பாய்ந்து பறித்துக்கொண்டு ஓடியது. நான் சொட்டச் சொட்ட அதன் பின்னால் ஓடினேன். அது மரத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைக் கிழித்து, ஒரு மாத்திரையைக் கடித்துப் பார்த்து, மூஞ்சியைச் சுளித்துத் துப்பியது. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் வந்து நின்று அவள் மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த தடவ வராட்டா அதுக்கும் ஒரு கார்டு போட்டுருங்க." சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகம்தான் ஏற்கெனவே ஈரமாயிற்றே, அவளுக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் காலை வேறு பொட்டலத்தோடு மறுபடி போனேன்.

செப்டம்பரில் அருவி மெலிந்து, கூட்டமும் குறைந்துவிட்டது. பிறகு தென்காசி பஸ்ஸில் அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலோரமாகப் பொட்டலத்தை நீட்டினேன். ஐப்பசி மழையில் அருவி திரும்பியபோது நாங்களும் அருவிக்குத் திரும்பினோம். இப்படியே விடுபட்டதையும் சேர்த்துக் கடைசி மாத்திரை வரை முடித்தாள். சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரே சுத்தம். அந்த ரிசல்ட் தாளை அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே என்னைய எங்கன பாத்தாலும் தெரியாத மாதிரிப் போயிரணும். சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன்.

பிறகு நாங்கள் கார்டு போடவே இல்லை. பீடிக் கடை வேலை முடிந்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலமும் மாத்திரை கொடுத்தோம். அதற்கப்புறம் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ மருந்துகளுக்குச் செலவுக் கணக்குப் பார்த்திருக்கிறேன். ஊருக்குத் தெரிந்தால் நோயாளிக்கு என்ன நஷ்டம் என்று ஒரு வரி சேர்ப்பேன். அதற்கு எப்படி மதிப்புப் போடுவாய் என்று மீட்டிங்கில் மடக்குவார்கள். தெரியாது, ஆனால் அந்த வரியை எடுக்க மாட்டேன் என்று சண்டை போடுவேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து வேறொரு வேலையாகத் தென்காசிக்கு வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு கடை வாசலில் அவள் நின்றாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் கணவர். "அண்ணாச்சி, நல்ல பழமாப் பாத்துப் போடுங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தவள் திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள். குரல் ஒரு நொடி நின்றது. ஓடிப்போய் அந்தக் குழந்தையை வாங்கிக் கொஞ்ச வேண்டும் போல என் கை பரபரத்தது. நான் பஸ்களின் போர்டைப் படிக்கிற மாதிரி முகத்தை மேலே தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் மறுபடி பேரம் பேசத் தொடங்கிய சத்தம் கேட்டது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.