அப்பா கப்பல் கட்டிய தறிக்குழி

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வீட்டுக்கு வரும் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு மரக்கப்பலைப் பார்ப்பீர்கள். முழ நீளம் இருக்கும். மூன்று பாய்மரங்கள். முதல் இரண்டிலும் பட்டு இழையால் கயிறு கட்டியிருக்கும். மூன்றாவது மொட்டையாக நிற்கும். அது ஏன் அப்படி என்று ஆளுக்கு ஆள் கேட்பீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். காரணம் நான்தான்.

அப்பா தென்னேரியில் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். தங்களுக்கென்று ஒரு சென்ட் நிலமும் இல்லாத வீட்டில் ஐந்து பிள்ளைகளில் நடுப்பிள்ளை அவர். வாலாஜாபாத்துக்கு நடந்தே போய்ப் படித்தார். முதல் செருப்பு வாங்கியது பள்ளிப் படிப்பு முடிந்த பிறகுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எங்களுக்குச் சிரிப்பு வராது. பிறகு சென்னைத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடிவதற்கு முன் ரயில் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பினார். அந்தச் சம்பளத்தில்தான் கூடப் பிறந்தவர்களுக்குக் கல்யாணம் செய்தார், என்னை பார்மசி படிக்க வைத்தார், சின்ன காஞ்சிபுரத்தில் இந்த வீட்டையும் வாங்கினார். ஒருவரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அவருக்கும் சேர்த்து நான் பேசினேன்.

வீட்டை விற்றவர்கள் நெசவாளர்கள். தறியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழியை எடுத்துப் போக முடியுமா? அது பின்னறைத் தரையில் அப்படியே கிடந்தது. அம்மா இருந்தவரை அதன்மேல் பலகை போட்டு அரிசி மூட்டை வைத்திருந்தார். அம்மா காலமான ஆண்டே அப்பாவுக்குப் பணி ஓய்வும் வந்தது. ஒருநாள் அந்தப் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"இங்க வந்து பாரும்மா, எனக்குன்னே வெட்டி வச்ச மாதிரி இருக்குது."

அன்றிலிருந்து அதுதான் அப்பாவின் பட்டறை. தச்சுப் பட்டறைகளிலிருந்து தேக்குத் துண்டுகள் வாங்கி வருவார். அவற்றை மெல்லிய பட்டைகளாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வி ஒட்டுவார். ஊதுவத்திக் குச்சிகள், பாசிமணிகள், உப்புத்தாள், சின்ன அரங்கள், என் கடையிலிருந்து எடுத்துப்போன இடுக்கி எல்லாம் குழியைச் சுற்றித் தரையில் பரவிக் கிடக்கும். கயிற்றுக்கு, மூன்று வீடு தள்ளி இருக்கும் நெசவாளர் ஏழுமலை அண்ணன் தறியில் மிஞ்சும் பட்டு இழைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்.

என் கண்ணுக்கு அது குப்பை. நான் மருந்துக்கடை வைத்திருப்பவள். மாத்திரை ஒரு பக்கம், டானிக் ஒரு பக்கம், எழுத்து வரிசைப்படி இழுப்பறை. அப்படி இல்லாவிட்டால் எனக்குத் தலைவலி வந்துவிடும். "இதில எதப்பா தேடி எடுப்ப?" என்று கேட்டேன். "தேடறதே இல்லம்மா. நாளைக்கு வேண்டியது கைக்கிட்ட இருக்கும். அடுத்த மாசத்துக்கு வேண்டியது முழம் தள்ளி இருக்கும். வேல நகர நகர அதுவும் கிட்ட வந்துடும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். குழியில் உட்கார்ந்து இரண்டு முழங்கைகளையும் தரையில் ஊன்றினால் கை நடுங்காதாம். கப்பலின் மேல்தளம் கண்ணுக்கு நேராக வருமாம். "மேலருந்து பாத்தா பொம்ம. இப்பிடிப் பாத்தாத்தான் கப்பல்." நான் காதில் வாங்கினேனா? அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன்.

நான்கு கப்பல்கள் கட்டினார். நான்கையும் கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஐந்தாவது எனக்கு என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். "உன் கடையில வைக்கறதுக்கு. இதுக்கு மூணு பாய்மரம்." "கடையில வச்சா தூசிதான்பா அடையும்" என்றேன். அதற்கும் சிரித்தார்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் கடைசியில் அப்பா வழுக்கி விழுந்தார். விழுந்தது குளியலறையில். நான் பழி போட்டது குழியின்மேல். இத்தனை நாள் குனிந்து உட்கார்ந்ததால்தான் இடுப்பில் பலம் போய்விட்டது என்று நானே முடிவுகட்டினேன். அவர் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்குள் மேஸ்திரியை வரவழைத்துக் குழியில் செங்கல் துண்டும் மணலும் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, வெள்ளை டைல்ஸ் பதித்தேன். உயரமான மேசை, சுழல் நாற்காலி, நல்ல வெளிச்சத்துக்கு விளக்கு, சுவர் நிறைய பிளாஸ்டிக் இழுப்பறைகள். குச்சியோடு குச்சி, மணியோடு மணி, இழையோடு இழை என்று மூன்று நாள் உட்கார்ந்து பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினேன். ஆசையாகத்தான் செய்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னாமா, பாவ அறுத்து இழையெல்லாம் நீட்டு வாரியா அடுக்கி வச்ச மாதிரி பண்ணிக்கினு கீற? பெரியவர் வந்து பாக்கட்டும்னு வுட்டிருக்கலாம்" என்றார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகள்; நெசவாளருக்குத் தெரியும், இழை எந்த வரிசையில் இருக்கிறது என்பதுதான் பாவு. "உங்க வேலையப் பாருங்கண்ணே" என்றேன்.

அப்பா வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழி இருந்த இடத்தை ஒருதரம் பார்த்தார். "நல்லா இருக்குதும்மா. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி ஆஸ்பத்திரிக்கே வந்த மாதிரி சுத்தமா இருக்குது." நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஐயோ, எவ்வளவு பெரிய மடச்சி நான்!

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு மணிக்காக எழுந்து இழுப்பறையைத் திறப்பார். இழைக்காக இன்னொரு தரம் எழுவார். இடுப்பு வலிக்கு அது முடியுமா? ஒரு மத்தியானம் கடையிலிருந்து சீக்கிரம் வந்தபோது, குழி இருந்த அதே இடத்தில் டைல்ஸ் மேல் காலை நீட்டி, மேசைக்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கப்பல். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது? மேச நாற்காலியெல்லாம் எதுக்குப் போட்டன்? தரையில குந்திக்கினு இருக்கறதுக்கா? மறுபடியும் இடுப்ப ஒடச்சிக்கினா யார் பாக்கறது? எந்திரி மொதல்ல!"

"எந்திரிக்கறம்மா. கையக் குடு."

கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் அந்த அறையில் உட்காரவே இல்லை. மத்தியானமானால் துணிப்பையை எடுத்துக்கொண்டு நடக்கப் போனார். "எங்கப்பா?" என்றால், "சும்மா, காலாற." ஒருவழியாக அந்தப் பைத்தியம் விட்டது என்று எனக்கு நிம்மதி. கப்பல் எங்கே என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒரு காலை, காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர் கண் திறக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்ந்தவர் அப்படியே போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் ஏழுமலை அண்ணன் அந்தத் துணிப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே கப்பல் இருந்தது.

"எங்க வீட்லதாம்மா இருந்துது. பழைய பாவு முடிஞ்சி புதுப் பாவு வரல, தறி சும்மா கெடந்துது. 'உன் குழியில கொஞ்ச நாள் உக்காந்துக்கட்டுமா ஏழுமல'ன்னு கேட்டார். எனக்கு அழுவ வந்திடுச்சி. தறி மேல பலக போட்டுக் குடுத்தன். தெனம் வந்து ரெண்டு மரத்துக்குக் கயிறு கட்டிட்டார்."

"என்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"பொண்ணுக்குத் தெரிய வேணாம்னார்மா. 'ஆசையாப் பண்ணிக் குடுத்திருக்குது, தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும்'னார். அப்புறம் புதுப் பாவு வந்துடுச்சி. கல்யாணப் பொடவ. ஒரு வாரம் கழிச்சி ஏத்திக்கறேன், நீங்க முடிங்கன்னு சொன்னேன். கேக்கல. 'உன் பொழப்பு மேல நான் உக்கார மாட்டன். பொடவ எறங்கட்டும், வரேன்'னார்."

அந்தப் பாவின் முதல் புடவை தறியிலிருந்து இறங்குவதற்குள் அப்பா போய்விட்டார்.

சொந்த வீட்டில் உட்கார இடம் இல்லாமல் அடுத்தவர் வீட்டில் இடம் கேட்டார் என் அப்பா. அதையும் என் மனசு உடையக் கூடாது என்று மறைத்துச் செய்தார். இதைப் படிப்பவர்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். "நல்லதுக்குத்தானே செஞ்ச" என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நல்லதுக்குத்தான். ஆனால் ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருக்கலாம், பன்னிரண்டு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத்தானே வந்தேன்.

அப்பாவுக்குக் கடைசியாக உட்கார இடம் கொடுத்த ஏழுமலை அண்ணனுக்கும், தினமும் டீ போட்டுக் கொடுத்த அண்ணிக்கும் என் கை கூப்பிய வணக்கம். அன்று உங்களை எடுத்தெறிந்து பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணையிருந்த தெருக்காரர்களுக்கும், தென்னேரியிலிருந்து இரவோடிரவாக வந்து சேர்ந்த உறவுகளுக்கும், அப்பாவைத் தோள்மேல் சுமந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

குழியைத் திரும்பவும் தோண்டித் தருவதாக மேஸ்திரி சொல்கிறார். யார் உட்கார? மூன்றாவது பாய்மரத்துக்கு இழை கட்டித் தருவதாக அண்ணனும் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்.

நினைவு நாளன்று கப்பலை மேசையில் வைக்கப் போவதில்லை. பின்னறையில், குழி இருந்த இடத்தில், அப்பாவின் படத்துக்கு முன்னால் தரையில்தான் இருக்கும். அப்பா பார்த்த மாதிரி பார்க்க வேண்டுமானால் நீங்களும் தரையில்தான் உட்கார வேண்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள். எழுந்திருங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.