வாழைப்பாத்தியில் ஏழு ஆமைகள்

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்க் கோயிலின் உபதேசியார். சாமியார் மாதத்துக்கு ஒரு தரம் குதிரையில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கோயில் மணி அடிப்பதும், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை கூடுகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்வதும் இவர் பாடு. நாலு வார்த்தை என்பது பேருக்குத்தான். அவர் பேச ஆரம்பிக்கும்போது நான் ஏற்றிவிட்டு வந்த உலை, அவர் முடிக்கும்போது வற்றிப்போயிருக்கும்.

மலைமேல் பெரிய அணை வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்தத் தண்ணீர் கீழே எங்களுக்கு இன்னும் வரவில்லை. வானத்தைப் பார்த்துத்தான் பிழைப்பு. அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கோயில் குளம் வற்றிக் களியாகக் கிடந்தது. இதுதான் சமயம் என்று ஊரார் குளத்தை ஆழப்படுத்திக் கல் கட்ட ஆரம்பித்தார்கள். மண்வெட்டி போட்ட இடத்திலெல்லாம் ஆமை. அவை கரையேறிப் போக்கிடம் தெரியாமல் தெருவில் நடந்தன. அதில் ஒன்று ஒரு வீட்டுக்குள் போய்விட்டது.

வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயப்படாதவர் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. அந்த வீட்டுக்காரர்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்து வேதத்தில் இருக்கிறவர்கள்தான். ஆனாலும் யாருக்கும் தெரியாமல் மந்திரவாதி ஒருவனைக் கூட்டிவந்து, எலுமிச்சம்பழம் அறுத்துக் கழிப்புக் கழித்தார்கள். எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாமல் என்றால் மத்தியானம் வரைக்கும்தான். உபதேசியார் காதுக்கு அது வந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பெரிய பனையோலைக் கூடையோடு குளத்துக்குப் போனார். ஏழு ஆமைகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு, குறுக்கு வழி இருந்தும் அதை விட்டு, நடுத்தெரு வழியாக எல்லாரும் பார்க்க வீட்டுக்கு வந்தார். கொல்லையில் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றுகிற கல்தொட்டி இருந்தது. மாடு செத்த பிறகு அது சும்மாதான் கிடந்தது. ஏழையும் அதில் விட்டார்.

“குளம் நெறையிற மட்டும் இங்கன இருக்கட்டும். உபதேசியார் வீடு என்ன கெட்டுப்போகுதுன்னு ஊரு பாக்கட்டும்” என்றார்.

ஊர் பார்க்கட்டும் என்றாரே தவிர, அவற்றைப் பார்த்துக்கொள்வது யார் என்று அவர் யோசிக்கவில்லை. ஆண்கள் விசுவாசத்தைக் காட்டினால் அதற்குத் தண்ணீர் மாற்றுவது பெண்கள்தான்.

எனக்கும் ஞானோபதேசம் முழுக்க மனப்பாடம். கேட்டால் அவரைவிட வேகமாகச் சொல்வேன். ஆனால் என் முதல் இரண்டு பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். மூன்றாவதாகத் தங்கியவள் அப்போது பதினாலு மாதக் குழந்தை. சுவரைப் பிடித்து நடப்பாள். கொல்லைக்குப் போய்த் தொட்டி விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஆமைகளைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் சிரித்த உடனே நான் ஓடிப்போய் அவளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்துவிடுவேன்.

அந்த வாரமே என் நாத்தனார் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்தாள். வீட்டுக்காரருக்கு அக்காள். தொட்டியைப் பற்றி வழியிலேயே கேள்விப்பட்டிருக்கிறாள். வாசற்படி ஏறவில்லை. வெளியில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள்.

“தானா வந்த ஆமைன்னா வெளிய விட்றலாம். கூட்டியாந்து வச்ச ஆமை வீட்டுல செத்துச்சுன்னா, போறப்ப ஒரு உசுரையும் கூட்டிக்கிட்டுப் போயிரும். ஒண்ணுகூடச் சாகாமப் பாத்துக்க ஆத்தா” என்றாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து நான் அந்த ஏழுக்கும் அடிமை. பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம்தான். எல்லாம் கறுப்பு ஆமைகள். முதுகில் மூன்று வரி ஓடியிருக்கும். ஒன்றுக்கு மட்டும் மண்வெட்டி பட்டு ஓட்டின் ஓரம் உடைந்திருந்தது. அகத்திக்கீரை கிள்ளிப் போட்டேன். வாய்க்கால் ஓரத்தில் நத்தை பொறுக்கினேன். உபதேசியார் பெண்சாதி மண்புழு தோண்டுகிறாள் என்று ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். அந்த ஆமைகளுக்குப் பார்த்த பக்குவத்தில் பாதியை எனக்குப் பார்த்திருந்தால் உடம்பு தேறியிருப்பேன். கார்த்திகை வரை நன்றாகத்தான் தின்றன.

பிறகு மார்கழி வந்தது. இந்தப் பக்கத்தில் பனி புதிதில்லை. ஆனால் அந்த வருஷத்துக் குளிரைப் போல அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. மேற்கு மலையிலிருந்து பனிக்காற்று இறங்கினால் பொழுது ஏறும்வரை கைவிரல் மடங்காது. வெற்றிலைக் கொடிக்கால்கள் கருகின. தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் முழங்கை வரை கடுத்தது. ஆமைகள் தின்பதை நிறுத்தின. போட்ட கீரை அப்படியே கிடந்து அழுகியது.

ஒரு காலையில் ஒன்று தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல்லாகக் கிடந்தது. துடைப்பக் குச்சியால் தொட்டேன். அசையவில்லை. கையில் எடுத்து உதறினேன். அசையவில்லை. உள்ளே தூக்கிக்கொண்டு போய், மண்சட்டியில் எருமுட்டைக் கணப்புப் போட்டு, சாக்கில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கால் வெளியே வந்தது. அழுதேவிட்டேன். தேவமாதாவுக்குத் தோத்திரம் சொன்னேன். அன்றைக்கே ஏழையும் அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து, ஈர மண் போட்ட பெரிய சால்பானையில் விட்டுக் கணப்பு வைத்தேன்.

சூடு பட்டால் அசையும். ஆனால் தின்னாது. சூடு குறைந்தால் மறுபடியும் கல்லாகிவிடும். இப்படி எழுப்பி எழுப்பியே நான் அவற்றை இம்சைப்படுத்தினேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு யார் சொல்வது? எங்கள் ஊரில் ஆமையைத் தின்றவர்கள் உண்டு, அடித்தவர்கள் உண்டு. வளர்த்தவர் யாரும் இல்லை. கோயில் தீர்த்தத்தைக்கூட எடுத்துவந்து ஒவ்வொன்றின் முதுகிலும் தெளித்தேன். எந்தச் சகுனத்தை இல்லையென்று காட்ட அவர் ஆமையைக் கொண்டுவந்தாரோ, அந்தச் சகுனத்துக்குப் பயந்து நான் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் அப்போது வீட்டில் இல்லை. அணை வேலைக்குப் போன வேதக்காரர்கள் நூற்றுக்கணக்கில் மலைமேல் குடிசை போட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கிறிஸ்து பிறந்த திருநாள் பூசை வைக்கச் சாமியார் போனபோது இவரும் கூடப் போனார். அங்கே காய்ச்சல்காரர்கள் பெருகிவிட்டதால், இருந்து பார்த்துக்கொள் என்று சாமியார் இவரை நிறுத்திவிட்டார்.

திருநாளுக்கு முந்தின வாரம் முதல் ஆமை கணப்புக்கும் அசையவில்லை. ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தேன். பிறகு கொல்லையில், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாயும் வாழைப்பாத்தியில், யாரும் பார்க்காமல் ஒரு முழம் குழி தோண்டி மூடினேன். வெளியில் எறிந்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் அவருக்குத் தலைகுனிவு. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. திருநாளன்று இரண்டு. மண்ணைத் தள்ளும்போதெல்லாம், இது இல்லை ஆண்டவரே, இது கணக்கில் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். உள்ளே போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். குளிர்ந்துதான் இருக்கும்.

ஆறாவதைப் புதைத்த அன்று பிள்ளைக்கு இருமல் வந்தது. ஊர் முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் இருமல்தான். மற்றவர்கள் துளசியும் கற்பூரவல்லியும் கசக்கிக் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். ஆனால் என் கண் சாலில்தான் இருந்தது. ஓடு உடைந்தது ஒன்றுதான் மிச்சம். அது இருக்கும்வரை பிள்ளை இருப்பாள் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பிள்ளையை ஒரு மடியிலும் ஆமையை மறு மடியிலும் வைத்துக்கொண்டு கணப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை காலை அதுவும் அசையவில்லை. அதையும் வாழைப்பாத்தியில் புதைத்தேன். கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மார் இழுத்தது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் நான். இந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு. அவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டேன். துளசிச்சாறு பிழிவதை நிறுத்தினேன். அவளைப் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை உருட்டினேன். பிள்ளை பிழைக்க வேண்டுமென்று அல்ல, கஷ்டப்படாமல் போக வேண்டுமென்று.

வியாழக்கிழமை உப்பும் கருவாடும் கொண்டுவருகிற ராவுத்தரின் வண்டி வந்தது. உத்தமபாளையத்துக்காரர்; வயசானவர். எங்கள் வீட்டில் உப்புப் போடுவதற்கு நின்றவர், உள்ளிருந்து வந்த இருமலைக் கேட்டார். பிள்ளையைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

“பிள்ளைக்கு மாரு இழுக்குதே ஆத்தா. வண்டி சும்மாத்தான் திரும்புது. ஏறு. உச்சிக்குள்ள பாளையத்து ஆஸ்பத்திரில எறக்கி விட்டுர்றேன்” என்றார்.

நான் வேண்டாம் என்றேன். “இனிமே போயி ஆகப்போறது ஒண்ணுமில்ல ராவுத்தரே.”

“மூச்சு இருக்கையில ஏன்த்தா இப்பிடிச் சொல்ற?”

உபதேசியார் வீட்டில் இருந்துகொண்டு, ஒரு துலுக்க மனிதரிடம் ஆமைக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் உடனே போய்விடவில்லை. மாட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் உதறிப் போட்டார். அது தின்று முடிக்கும்வரை வாசலைப் பார்த்தபடி வண்டியடியில் நின்றார். பிறகு மாட்டைப் பூட்டினார்.

பிள்ளை சனிக்கிழமை உச்சி மணி அடிக்கும்போது போனாள். அன்று சாயங்காலமே அடக்கம் செய்தார்கள். வீட்டுக்காரருக்கு ஆள் போய்ச் சொல்லி, அவர் மலையிறங்கி வர மூன்று நாள் ஆயிற்று. வந்தவர் கல்லறைக்குப் போனார். திரும்பி வந்து, வெறுமையாகக் கிடந்த தொட்டியையும் சால்பானையையும் பார்த்தார். எங்கே என்று கேட்டார். மண்ணுக்குள் போய்விட்டன என்றேன். ஊரில் என்ன பேசினார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நிஜமாகவே நாலு வார்த்தைதான் பேசினார்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கோடை மழை கொட்டியது. மழை விட்டதும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வாழைப்பாத்தியில் ஓரிடத்தில் மண் மேலெழும்பியது. பெருச்சாளி என்று நினைத்துக் கல்லை எடுத்தேன். மண் பிளந்து ஒரு தலை வந்தது. பிறகு கால். பிறகு ஓரம் உடைந்த ஓடு. அது முழுதாக வெளியே வந்து, மழைத்தண்ணீர் தேங்கிய இடத்துக்குப் போய், கழுத்தை நீட்டிக் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் ஐந்து வந்துவிட்டன. மற்ற இரண்டையும் கையாலேயே தோண்டிப் பார்த்தேன். வெறும் ஓடுதான் இருந்தது. என் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடிவந்தார். தை மாதத்திலிருந்து அன்றைக்குத்தான் அவர் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன்.

“பாத்தியா, உசுரோடதான் இருந்திருக்கு. குளுருக்கு மண்ணுல ஒடுங்கிக் கெடந்திருக்கு. ஒண்ணும் ஆகல” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் பட்டது. கூடையை எடுக்க உள்ளே போய்விட்டார்.

புதுக் கல் கட்டிய குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் சேர்ந்திருந்தது. ஐந்தையும் அதே கூடையில் போட்டுக்கொண்டு போய் விட்டோம். ஓடு உடைந்தது மட்டும் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றது. எத்தனை நாள் மண்ணுக்குள் இருந்திருக்கும் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். எனக்கு நாள் மாறாமல் தெரியும். சகுனத்தை நம்பியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டேன். அந்த வண்டியைப் பற்றி இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் பிழைத்திருப்பாளோ என்னவோ. ஆனால் ராவுத்தர் வண்டி போன பிறகும் என் பிள்ளை இரண்டு பகல் உயிரோடு இருந்தாள். பாளையத்துக்கு அரைப் பகல்தான்.