முதலாளி லைனில் இருக்கிறார்

கூரைக்குப் போடுகிற தகடு மூன்று வாங்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? சென்ற செவ்வாய்க்கிழமை எனக்கு மூன்றரை மணித்தியாலம் எடுத்தது!

லிங்கநகரில் என் வீட்டு முன்னறைக் கூரை ஒழுகுகிறது. அதற்கு நேர் கீழே மகளின் படிப்பு மேசை. அவளுக்கு உயர்தரப் பரீட்சை வருகிறது, மாரி மழையும் வருகிறது. காலையிலேயே கூரை வேலைக்கு ஏணியோடு வந்த ஓடாவியார் பழைய தகடுகளைக் கழற்றி இறக்கிவிட்டார். இறக்கிய பிறகுதான், "அளவாய் வெட்டின தகடு வேணும், கெதியாய்ப் போய் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார்.

டவுனில் பழக்கமான ஹார்ட்வெயார் கடைக்கு ஓடினேன். அங்கே இருபது வருடமாக நிற்பவர் குணம் அண்ணை. ஆணியைக் கையில் எடுத்தாலே எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவார். தகடு இருந்தது, வெட்டும் கத்தரி இருந்தது, குணம் அண்ணையும் இருந்தார். வேறென்ன வேண்டும்?

"வெட்டித் தாங்கோ அண்ணை."

"ஏலாது தம்பி. வெட்டினால் திருப்பி எடுக்கேலாது. முதலாளியைக் கேக்கோணும்."

முதலாளி நஸீர் இருப்பது கட்டாரில். அங்கே ஒரு கம்பனியில் ஸ்டோர் கீப்பர். இங்கே வாப்பா விட்டுப்போன கடைக்கு முதலாளி.

குணம் அண்ணை தகட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒரு சரி அடையாளம் விழுந்தது. பிறகு இரண்டு. ஒரு மணித்தியாலம் கழித்து இரண்டும் நீலமாயின. 'டைப்பிங்' என்று வந்தது — போனது — வந்தது... கடைசியில் ஒரு வொய்ஸ் மெசேஜ். இருவரும் தலையைக் குனிந்து ஆவலோடு கேட்டோம்.

"அண்ணன், படத்துல பின்னால பெயின்ட் வாளியெல்லாம் குழம்பிக் கிடக்கு. அடுக்கி வைங்க."

தகட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை!

குணம் அண்ணை வாளிகளை அடுக்கினார். நான் கதிரையில் இருந்து பல்லைக் கடித்தேன். முன்பு நஸீரின் வாப்பா ஹஜ்ஜுக்குப் போனால், அவர் திரும்பும்வரை குணம் அண்ணைதான் கடைக்கு எல்லாம். வெட்டுவார், கொடுப்பார். ஒரு குறை வந்ததில்லை. இப்போது? தூரத்தில் இருப்பவரை நொடியில் பிடிக்கலாம் என்பதால், பக்கத்தில் நிற்பவர் எதையும் முடிவெடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. அலுவலகங்கள் மட்டும் என்ன திறம்? "குறூப்பில போட்டிருக்கு, மேல பாக்கட்டும்" என்கிறார்கள். எல்லாரும் எல்லாரோடும் கதைக்கிறார்கள். 'ஓம்' என்று சொல்லத்தான் ஆளில்லை.

பகல் ஒரு மணி ஆகும்போது நஸீரின் வீடியோ கோல் வந்தது. அங்கே டீ பிரேக்காம். முகம் உறைந்தது, தெளிந்தது, மறுபடி உறைந்தது. குணம் அண்ணை போனை என் கையில் தந்தார்.

"சேர், எத்தன அடி?"

பதில் சொல்வதற்குள் கடைக் கூரையில் சடசடவென்று கொட்டத் தொடங்கியது.

"அது என்ன சத்தம் சேர்? மழையா?"

"ஓம், மழைதான்! என்ர வீட்டுக் கூரை திறந்து கிடக்கு!" கத்தியே விட்டேன்.

"ஒருக்கா வெளிய காட்டுங்க சேர்."

இது என்ன கொடுமை! கடுப்போடு வாசலுக்குப் போய் போனைத் தெருவுக்குத் திருப்பினேன். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓட்டோக்கள் போயின. சைக்கிள்காரர் ஒருவர் தலையில் ஷொப்பிங் பையைக் கவிழ்த்துக்கொண்டு மிதித்தார். மறுபக்கம் சத்தமே இல்லை. லைன் மறுபடியும் போய்விட்டதாக்கும் என்று திருப்பிப் பார்த்தேன்.

போகவில்லை. நஸீர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கடைசியாக ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது என்று குணம் அண்ணை பிறகு சொன்னார். அந்த நிமிடத்தில் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அண்ணன், வெட்டிக் குடுங்க" என்றார் நஸீர். "இனித் தகட்டுக்கெல்லாம் எனக்குக் கோல் எடுக்க வேணாம். மழை பெஞ்சா எடுங்க."

தகட்டோடு வீட்டுக்கு வந்தால், மகள் மேசையைத் தானே குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், இழுத்துப் போட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருவரையும் கேட்கவில்லை!

அடுத்த நாள் ஆணி வாங்கப் போனேன். நல்ல மழை. குணம் அண்ணை வாசலில் போனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். ஆணி கிடைக்கக் கால் மணித்தியாலம் ஆயிற்று... நான் வாயே திறக்கவில்லை.