பெயர் கொடுக்காத குணரத்தினம்

குணரத்தினத்தை நினைத்தால், உட்துறைமுக வீதியில் இருந்த எங்கள் இன்டர்நெட் கந்தோர்தான் முதலில் கண்ணுக்குள் வரும். கீழே மருந்துக்கடை, மேலே இரண்டு அறைகள். யன்னலால் கடற்படைக் கப்பல்கள் தெரியும் என்பதால் முதலாளி அதைத் திறக்க விடமாட்டார். நான் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். குணரத்தினம் மெஷின்களைப் பார்ப்பார். பயத்தோடு இருந்த காலம்தான். ஆனாலும் அந்தப் புழுக்கம்கூட இப்போது எனக்கு இனிக்கிறது.

அவர் சாம்பல்தீவுப் பிள்ளை. மெலிந்த ஆள், நல்ல பகிடிக்காரர். ஆனால் தன் பெயரை எங்கும் எழுத விடமாட்டார். அகதி முகாமில் ஒருநாள் ஆமிக்காரர் கடதாசியைப் பார்த்துப் பெயர் வாசித்தார்களாம். "ஓம்" என்று எழும்பிப் போன தமையன் பிறகு வரவேயில்லை. அதிலிருந்து, அம்மன் கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டால்கூட, "சுவாமியின்ர பேருக்கே செய்யுங்கோ ஐயா" என்றுவிடுவார்.

"அம்மாளிட்டையும் ஒளிக்கிறீங்களோ தம்பி?" என்று கேட்டிருக்கிறேன்.

"அவவுக்கு என்னைத் தெரியும் அக்கா. பக்கத்தில நிக்கிற ஆக்களைத்தான் எனக்குத் தெரியாது."

மூதூர்ப் பக்கம் சண்டை நடந்ததற்கு மறு வருடம், எங்களுக்கு வெளித்தொடர்பு தந்த கொழும்புக் கொம்பனி தொழிலைக் கைவிட்டது. முதலாளி கனகசுந்தரம் வேறொரு கொம்பனியிடம் லைன் எடுத்தார். அதற்குப் பிறகு சில நாடுகளுக்குத் தொடர்பு கிடைத்தது, சில நாடுகளுக்குக் கிடைக்கவில்லை. கத்தாருக்கு அறவே இல்லை.

கத்தாருக்காகவே வருபவள் றம்ஸியா. மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து பாலையூற்றில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தாள். புருஷன் பக்கீர் கத்தாரில் வேலை. பிறந்த பிள்ளையை அவன் இன்னும் பார்க்கவில்லை. பிள்ளைக்குத் தொப்பி போட்டுத் தூக்கிக்கொண்டு வருவாள், தொடர்பு கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

"இண்டைக்காவது வாப்பாவைக் காட்டுவீங்களா தம்பி? இவன் பல்லு முளைச்சு, கலியாணமும் முடிச்சிருவான்."

குணரத்தினம் காரணத்தைக் கண்டுபிடித்து எனக்கும் விளங்கப்படுத்தினார்.

"இன்டர்நெட்டில எங்கட மெஷினுகளுக்கு இருக்கிற இந்த இலக்கமெல்லாம் எங்கட, இன்ன வழியாலதான் வரும் எண்டு பொதுப் பதிவு ஒண்டில கிடக்கோணும் அக்கா. வெளியில கன கொம்பனியள் அதைப் பார்த்துத்தான் கதவு திறக்கிறது. பழைய கொம்பனி எங்களுக்காகப் பதிஞ்சு வைச்சிருந்தது. போகேக்க அழிச்சிட்டுப் போயிட்டாங்கள்."

"வீட்டுப் பதிவில பேர் இல்லாத ஆளை ஆமிச் சென்றியில மறிக்கிற மாதிரியோ?"

"அதேதான். ஆனா இது நல்லதுக்கு. மறிக்காட்டி, ஆரும் எங்கட இலக்கத்தைத் தன்ர எண்டு சொல்லி, எங்களுக்கு வாறதையெல்லாம் தன்ர பக்கம் இழுத்துப்போடுவான்."

"அப்ப பதியுங்கோவன்."

பதிவதற்கு ஓர் ஆளின் பெயர், விலாசம், தொலைபேசி எல்லாம் வேண்டும். அதை உலகத்தில் யாரும் பார்க்கலாம்.

குணரத்தினம் முதலாளியிடம் போய், "உங்கட பேரைப் போடுவமே?" என்று கேட்டார்.

"போடலாம். ஆனா ஏதும் பிழையெண்டு வெளிநாட்டால ஒருத்தன் கோல் எடுத்தா நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு மெஷினில சுவிச்சு மட்டும்தான் தெரியும். உமக்கு ஏலாதெண்டா விடும், நான் வற்புறுத்தேல்லை." முதலாளிக்கும் தமையனின் கதை தெரியும்.

அப்படியே நாட்கள் போயின. ஒரு காலை றம்ஸியா வந்தாள். பகிடி விடவில்லை. கதிரையில் இருந்து பிள்ளையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

"போன்ல இவன் அழுறதை மட்டும்தான் அவர் கேட்டிருக்கார். எம்புள்ளைக்கு அழ மட்டும்தான் தெரியும் எண்டு நினைச்சிட்டிருக்கார் தம்பி. இவன் சிரிக்கிறது அவருக்கு எப்படித் தெரியும்?"

குணரத்தினம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய் மெஷினுக்கு முன்னால் இருந்தார். நான் தேத்தண்ணீரோடு போனபோது பெயரை அடித்திருந்தார். அழித்தார். திரும்ப அடித்தார். நான் அம்மாளை நினைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

"விலாசம் கந்தோர் விலாசம் காணும்தானே அக்கா?"

"காணும் தம்பி, வீட்டு விலாசம் வேண்டாம்."

பட்டனை அமத்தினார். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

அந்தக் கிழமையே கத்தார் திறந்தது. பக்கீரின் முகம் திரையில் வந்ததும் பிள்ளை மிரண்டு வீரிட்டு அழுதான். "சிரிடா, என்ட மானத்தை வாங்காத!" என்று றம்ஸியா கத்த, அங்கே பக்கீரும் அழுதுகொண்டு சிரித்தான்.

குணரத்தினத்துக்குத்தான் நிம்மதியில்லை. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் எழும்பிவிடுவார். நான் விபூதி பூசப் போனால் நெற்றியைக் காட்டுவார்.

ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். வெளிநாட்டுக் குரல்.

"தம்பி, உங்களைத்தான் கேக்கினம். பேர் சொல்லிக் கேக்கினம்."

அவர் படிப்பக்கம் ஒருமுறை பார்த்தார். வந்து ரிசீவரை வாங்கி, தன் முழுப் பெயரையும் மெதுவாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தார். கதிரையை இழுத்து இருந்தார். பிறகு ஆங்கிலம் மளமளவென்று வந்தது.

"சிங்கப்பூரால ஒருத்தன் அக்கா," என்றார் வைத்துவிட்டு. "நான் பதிஞ்சதில ஒரு இலக்கம் பிழையாம். பதிவில பேரைப் பார்த்து எடுத்தவனாம்."

"கோவிச்சவரோ?"

"இல்லை. தாங்க் யூ சொன்னவன். என்னை எப்பிடிக் கூப்பிட்டவன் தெரியுமோ? குணா-ராட்டி-னாம் எண்டு."

அன்று கந்தோர் பூட்டும்வரை அந்தச் சிங்கப்பூர்க்காரனைப் போலவே தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.