காந்தமும் அரிசி டப்பாவும்

தெருவில் அவருக்குக் 'காந்தம்' என்றுதான் பெயர். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு கிடக்கும். பழைய இரும்புக் கடையில் எந்தக் குழாயைக் கண்டாலும் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் தூக்கிப் போடுவார். ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று வாயெல்லாம் பல்லாகிவிடும். இப்படி அலைந்தே தன் ஓட்டைக் காரின் புகைக்குழாய்க்கு, மூடிப்போன பால் பண்ணையின் வளைகுழாய்களையும் இடித்த ஆஸ்பத்திரியின் மாடிக் கைப்பிடியையும் சேர்த்துவிட்டார். சத்தத்தை அடக்கும் சைலன்சரின் வெளிக்கூட்டுக்குத்தான் ஒன்றும் சிக்கவில்லை. அது இல்லாமல் கார் போட்ட சத்தத்தில் தெருவே காதைப் பொத்திக்கொண்டது.

பொறுக்க முடியாமல் மனைவி ஒருநாள் நீளமான அரிசி டப்பாவைக் காலிசெய்து அவர் முன்னால் வைத்தாள். "இதை எடுத்துக்கிட்டு ஆளை விடுங்க."

மனுஷன் உருகிப்போவார் என்று பார்த்தால், காந்தத்தை எடுத்தார். டப்பாவில் ஒட்டவில்லை. மூடியில் ஒட்டிக்கொண்டது. "மூடி மட்டச் சரக்கு. நீயே வச்சுக்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காந்தத்தைப் பிடுங்கி அவர் நெற்றியில் அழுத்தினாள். ஒட்டவில்லை.

"பார்த்தியா, நான் நல்ல சரக்கு!" என்று சிரித்தார் அவர்.

"உள்ள ஒண்ணுமே இல்லன்னாலும் ஒட்டாது."